அக்காவைத் திட்டக் கற்றுக்கொண்டவர்கள்

என் அக்காவை எல்லாரும் ஜன்னலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிடப் பதினைந்து, இருபது வயது மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். குடியிருப்புப் பதிவு அலுவலகத்தில் மூன்றாவது ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்ததால் வந்த பெயர் அது. போன மழைக்காலத்தில் அவள் இறந்தபோது அந்தப் பெயரைச் சொல்லி அழ ஒருவரும் இல்லை. வந்தவர்கள் வாசலோடு நின்று, அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் திரும்பிப் போனார்கள். ஒரு பெண் மட்டும், "என்ன பண்ணியிருந்தாலும் செத்துப்போச்சு, மன்னிச்சிடுவோம்" என்று சத்தமாகச் சொன்னாள். அம்மா அதற்குத் தலையாட்டினாள். அவள் ஏன் தலையாட்டினாள் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

நாங்கள் கால்வாய்க்கரை ஆட்கள். நகரத்தின் கழிவெல்லாம் எங்கள் வீட்டு வாசலைத் தொட்டுக்கொண்டுதான் போகும். தகரமும் பலகையும் கிழிந்த விளம்பரத் துணியும் சேர்த்துக் கட்டிய வீடுகள். முகவரி கேட்கும் இடத்தில் கால்வாய்க்கரை என்று சொன்னால் போதும், எதிரில் இருப்பவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொள்வார். "வீட்டு நம்பர் என்ன?" என்பார். எங்கள் வீடுகளுக்கு எண் கிடையாது. எண் வேண்டுமென்றால் அதே அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அந்த விண்ணப்பத்தில் முதல் கேள்வியே வீட்டு எண் என்ன என்பதுதான். அப்பா இந்தச் சக்கரத்தில் சுற்றித்தான் செத்தார் என்று அம்மா சொல்வாள். உண்மையில் அவர் செத்தது காய்ச்சலில்.

அதனால் எங்கள் ஆட்கள் அலுவலகத்துக்கே போவதில்லை. எல்லாம் புரோக்கர் மூலம்தான். புரோக்கர் முதலில் அசல் காகிதங்களை வாங்கி வைத்துக்கொள்வான். பிறகு அவற்றைத் திருப்பி வாங்குவதே தனி வேலையாகிவிடும்.

அக்கா தேர்வெழுதி அந்த அலுவலகத்துக்குள் போனபோது கால்வாய்க்கரையில் யாரும் நம்பவில்லை. எங்கள் பக்கத்து வீட்டு இரும்புக்காரர், பழைய இரும்பு வாங்கி விற்பவர், நேரில் பார்த்துவிட்டு வருவதற்காகவே வண்டியை நிறுத்திவிட்டுப் போனார். அவளைக் குழந்தையில் தூக்கிச் சுமந்தவர் அவர். ஜன்னல் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"என்ன வேணும்ணே?"

"ஒண்ணும் வேணாம்மா. அந்தப் பக்கத்துலேர்ந்து பாத்தா நாங்க எப்படித் தெரியறோம்?"

"வழியை மறைச்சுக்கிட்டுத் தெரியறீங்க. பின்னாடி ஆள் நிக்குது."

அவர் திரும்பி வந்து கரை முழுக்கச் சொன்னார்: "நிஜம்தான். நம்ம பொண்ணுதான். அதட்டுது."

அக்கா எங்களுக்குச் சலுகை காட்டியதாக யாரும் நினைத்துவிடக் கூடாது. அவள் எங்களிடம்தான் அதிகக் கறாராக இருந்தாள். அம்மா கொடுத்த விண்ணப்பத்தையே குறை சொல்லித் திரும்பத் திரும்ப அனுப்பியிருக்கிறாள். அம்மா வெளியே வந்து, "பத்து மாசம் சுமந்ததுக்கு இதுதான் பலன்" என்று படிக்கட்டில் உட்கார்ந்து புலம்பியது வரிசையில் நின்ற எல்லாருக்கும் கேட்டது. அன்றைக்கு அக்காவின் மதிப்பு இன்னும் ஏறியது. ஆனால் என்ன குறை என்பதை அவள் அப்போதே, ஒரே தடவையில், எங்கள் பேச்சில் சொல்வாள்.

"அண்ணே, இங்க ஒரு கையெழுத்து, அங்க ஒரு கையெழுத்து. இதுல எது நீங்க?"

"ரெண்டும் நான்தான்க்கா. அது சாப்பிட்டுட்டுப் போட்டது. இது பட்டினியில போட்டது."

"அப்ப போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க. நான் எங்கயும் ஓடிப்போயிட மாட்டேன்."

புரோக்கர்களை ஒழிக்க அவள் ஒரு கட்டளை போட்டாள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று சொன்னாள்: "காகிதத்தை என் கையில மட்டும்தான் குடுக்கணும். எனக்கு மேல உள்ளவர் கேட்டாலும் குடுக்காதீங்க. நான் இல்லைன்னா திரும்பி வீட்டுக்கு வந்துடுங்க." அது மந்திரம் மாதிரி வேலை செய்தது. ஒரே வருடத்தில் புரோக்கர்கள் வேறு பக்கம் போய்விட்டார்கள். அவள் ஜன்னல் முன்னால் வரிசை வாசல் வரை நீளும். பக்கத்து ஜன்னல்கள் காலியாகக் கிடக்கும். ஒன்றாம் ஜன்னல்காரர், ஓய்வுபெறும் வயதில் இருந்தவர், கம்பி வழியாக எட்டிப் பார்த்துக் கூப்பிடுவார்: "இங்க வாங்கய்யா. நான் கடிக்க மாட்டேன். ஈ ஓட்டுறதுக்கா எனக்குச் சம்பளம்?" யாரும் அசைய மாட்டார்கள். அக்காவுக்கு உடம்பு சரியில்லாத நாளில் வரிசை அப்படியே கலைந்து வீட்டுக்குப் போகும்.

அந்தச் சமயத்தில்தான் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆராய்ச்சிக்காரப் பெண் வந்தாள். ஒதுக்கப்பட்ட மக்களிலிருந்து ஒருவர் அரசு ஊழியராக வந்தால் அந்த மக்களுக்கு அரசின் மேல் நம்பிக்கை கூடுகிறதா என்பது அவள் ஆராய்ச்சி. நல்ல பெண். கால்வாய் நாற்றத்துக்கு மூக்கைப் பொத்தாமல் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினாள். நான் கல்லூரி விடுதியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்ததால் அவளுக்குத் துணையாகப் போனேன்.

"அரசாங்கத்தை எவ்வளவு நம்புறீங்க? பூஜ்யத்திலேர்ந்து பத்துக்குள்ள ஒரு எண் சொல்லுங்க" என்று இரும்புக்காரரிடம் கேட்டாள்.

"எந்த அரசாங்கம்? கரன்ட்டைப் புடுங்க வர்றவங்களா, அக்காவா?"

"பொதுவா அரசாங்கம்."

"பொதுவான்னு யாரையும் எனக்குப் பழக்கமில்லையேம்மா. அக்காவுக்குப் பத்து. மத்தவங்களுக்கு நீயே பாத்துப் போட்டுக்கோ."

அவள் சிரித்துவிட்டுப் பத்து என்று எழுதினாள். அநேகமாக எல்லா வீட்டிலும் இதே பதில்தான். பத்து, பத்து, ஒன்பது. ஆராய்ச்சியின் முடிவு தலைமை அலுவலகம்வரை போனது. நகரத்திலேயே மக்கள் அதிகம் நம்பும் அலுவலகம் எங்களுடையது என்று பாராட்டுக் கடிதம் வந்தது. அதை அலுவலகக் கண்காணிப்பாளர் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டினார். அடுத்ததாக அக்காவைத் தலைமை அலுவலகத்துக்கு அழைத்தார்கள். மற்ற ஊர்களிலிருந்து வரும் ஊழியர்களுக்கு, மக்களின் நம்பிக்கையை எப்படிப் பெறுவது என்று அவள் வகுப்பெடுக்க வேண்டும். அவளுக்கு அதில் பெருமை இருந்தது. புதுச் செருப்பு வாங்கிக்கொண்டாள்.

அதே மாதத்தில் கால்வாயை அகலப்படுத்தும் அறிவிப்பும் வந்தது. கரையில் இருப்பவர்களுக்கு நகரத்தின் மறுபக்கம் அடுக்குமாடியில் வீடு கொடுப்பார்கள். அதற்கு அசல் காகிதங்களோடு கடைசித் தேதிக்குள் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். கொடுக்காதவர்கள் ஆக்கிரமிப்பாளர்கள். அவர்கள் வீடு இடிக்கப்படும், மாற்று வீடு கிடையாது.

கடைசித் தேதிக்கு முன்பே அக்கா திரும்பிவிடுவதாகத்தான் ஏற்பாடு. ஆனாலும் கரை ஆட்கள் காகிதம் சேர்க்க நாளாகும் என்பதால், போவதற்கு முன்னால் அவள் எல்லாருக்கும் சொல்லிவிட விரும்பினாள். கண்காணிப்பாளர் ஒரு வண்டியில் ஒலிபெருக்கி கட்டிக் கொடுத்து, படிப்பதற்கு ஒரு காகிதமும் கொடுத்தார். அக்கா வண்டியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கரை நெடுக வாசித்துக்கொண்டு போனாள்: "பயனாளிகள் தங்கள் அசல் ஆவணங்களை அலுவலகத்தின் எந்தவொரு பிரிவிலும் ஒப்படைத்து ஒப்புகை பெற்றுக்கொள்ளுமாறு இதன்மூலம் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

கரை கேட்டது. ஆனால் அதை அக்காவின் பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை.

"அது ஆபீஸ் சொல்லச் சொன்னது" என்றார்கள். "பக்கத்துல அதிகாரி உக்காந்திருந்தாரு பாத்தியா? பாவம், வேற எப்படிச் சொல்லும்? அக்கா நம்மகிட்டச் சொன்னது வேற. என் கையில மட்டும்தான்னு சொல்லுச்சா இல்லையா?" இதை ஒரு ரகசியம் போல ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லிச் சிரித்துக்கொண்டார்களாம். அவள் மனதில் இருப்பதைத் தாங்கள் மட்டும் புரிந்துகொண்ட சந்தோஷம்.

தலைமை அலுவலகத்தில் பயிற்சி நீண்டது. ஓர் அமைச்சர் வந்து சான்றிதழ் கொடுப்பதாக இருந்தது. அவர் வரத் தாமதமானதால் எல்லாரையும் இருத்தி வைத்தார்கள். பகல் முழுவதும் கைப்பேசிகளை வாசலில் ஒரு பெட்டியில் வாங்கி வைத்துவிடுவார்கள். கடைசித் தேதியன்று கால்வாய்க்கரை மூன்றாம் ஜன்னல் முன்னால் வரிசையாக நின்றது. ஜன்னலுக்குப் பின்னால் காலி நாற்காலி. ஒன்றாம் ஜன்னல்காரர் கத்தினார், கெஞ்சினார், எழுந்து வெளியே வந்து ஒருவர் கையிலிருந்த காகிதத்தை வாங்கவே பார்த்தார். "பாத்தீங்களா, புடுங்குறாங்க" என்று பெண்கள் மடியை இறுக்கிக்கொண்டார்கள். அம்மாவும் அந்த வரிசையில்தான் நின்றாள்.

மாலையில் அக்காவுக்குக் கைப்பேசி கையில் கிடைத்தபோது அலுவலகம் மூடியிருந்தது.

"எந்த ஜன்னல்ல வேணா குடுங்கன்னு மைக்குல கத்தினேனேம்மா! நீயாவது குடுத்திருக்கக் கூடாதா?"

"எல்லாரும் உனக்காக நிக்கும்போது நான் மட்டும் எப்படிடி அந்தப் பக்கம் போறது? பெத்தவளே நம்பலைன்னு ஆயிடாதா?"

அக்கா அழுதாள் என்று அம்மா சொன்னாள். அமைச்சரின் விழாவுக்கு அவள் இருக்கவில்லை.

மறுநாள் காலையில் நேராகக் கண்காணிப்பாளரின் அறைக்குப் போனாள். அதன்பின் பல நாள் அவருடைய அறை, அவருக்கு மேல் உள்ளவரின் அறை, அவருக்கும் மேல் உள்ளவரின் அறை. எல்லா இடத்திலும் ஒரே பதில். வேறு யாராவது போய்க் கேட்டிருந்தால் இரங்கியிருப்பார்களோ என்னவோ. அவள் கேட்டதால் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். "உங்க ஆளுங்கங்கிறதால கேக்கறீங்க. நான் செஞ்சா, அவ ஆளுங்கங்கிறதால செஞ்சாங்கன்னு நாளைக்கு எழுதுவாங்க." எங்களில் ஒருத்தி என்பதற்காகத்தான் அவளைப் பாராட்டிக் கடிதம் அனுப்பியவர்கள் அவர்கள்.

கண்காணிப்பாளர் கெட்டவர் இல்லை. கடைசியில் ஒருநாள் அவளை உட்காரச் சொல்லி, கதவைப் பார்த்துக்கொண்டே பேசினாராம்.

"இங்க பாரும்மா. ஜனங்க தப்புக்கு விதியில எடமே இல்லை. தலைகீழா நின்னாலும் இல்லை."

"அவங்களுக்கு வேற எடம் இல்லை சார். நடுத்தெருவுலதான் நிக்கணும்."

"தெரியும். ஆபீஸ் பக்கம் தப்பு நடந்து, அதனால தாமதமாச்சுன்னா அது வேற. அதுக்கு வழி இருக்கு. ஆனா அப்படி எதுவும் நடக்கலையே." சொல்லிவிட்டுத் தேநீர் வரவழைத்தார். அவள் குடித்து முடிக்கும்வரை கோப்பு ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

அன்று மாலை இரும்புக்காரரின் கொட்டகையில் கரை ஆட்கள் கூடினார்கள். நான் விடுதியிலிருந்து வந்திருந்தேன். துருப்பிடித்த கதவுகளுக்கும் சைக்கிள் சட்டங்களுக்கும் நடுவில் நின்று அக்கா சொன்னாள்.

"பயிற்சிக்குப் போறதுக்கு முன்னாடியே காகிதத்தையெல்லாம் எங்கிட்டக் குடுத்துட்டீங்க. நான் வாங்கி டிராயர்ல போட்டுப் பூட்டிட்டுப் போயிட்டேன். ரசீதும் குடுக்கலை. அப்படித்தான் எல்லாரும் சொல்லணும்."

"நாங்க வரிசையில நின்னதை ஆபீஸே பாத்துச்சே?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"ரசீது கேக்கத்தான் நின்னோம்னு சொல்லுங்க. இத்தனை நாள் மேல போய்க் கெஞ்சினது என் தப்பை மறைக்கத்தான்னு நான் சொல்லிக்கறேன்."

இரும்புக்காரர் எழுந்துவிட்டார். "உன் மேல பொய்ப் புகார் சொல்லச் சொல்றியா? நாக்கு அழுகிடும்க்கா."

"நாக்கு அழுகினா பரவாயில்லை. தலைக்கு மேல கூரை இருக்கும்."

"உன் வேலை?"

"அது என் பாடு."

அவளுக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது. வேலை போகும், இனி எந்த அரசு வேலையும் கிடைக்காது. நான் அழுதுகொண்டே வேண்டாமென்று சொன்னேன். "நீ பரீட்சை எழுதற வழியைப் பாரு" என்றாள். பிறகு நாடகத்துக்குப் பழக்குவது போல ஒவ்வொருவரையும் நிறுத்திப் பேசவைத்தாள். இரும்புக்காரருக்குத்தான் வரவேயில்லை.

"அக்காவை நம்பித்தான் குடுத்தோம் சார்... அக்கா..." துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"அண்ணே, திட்டும்போது அக்கான்னு சொல்லாதீங்க. எவனாவது திட்டுறவளைப் போயி அக்காம்பானா? அந்தப் பொம்பளைன்னு சொல்லுங்க."

"அந்தப் பொம்பளை... நல்லா இருக்கணும்."

கொட்டகை முழுக்கச் சிரித்தது. அக்காவும் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

விண்ணப்பங்களை அவள் துணிப்பையில் கொண்டுபோய்த் தன் டிராயரில் அடுக்கினாள். ஒன்றாம் ஜன்னல்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் கவிழ்ந்திருக்கும். விசாரணையில் அவரைக் கேட்டபோது, "அந்த டிராயர் எப்பவும் பூட்டியே கிடக்கும் சார். எனக்கெங்க தெரியும்? நான் ஈ ஓட்டிக்கிட்டு இருந்தேன்" என்றார்.

விசாரணை அதிகாரி வெளியூரிலிருந்து வந்தவர். கண்காணிப்பாளரின் அறையில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். அக்கா எதிர்ச் சுவரோரம் நிறுத்தப்பட்டிருந்தாள். தலைக்கு மேல் அந்தப் பாராட்டுக் கடிதம். முதலில் போன சிலர் தடுமாறினார்கள். அதிகாரிக்குச் சந்தேகம் வந்தது. "எல்லாரும் ஒரே மாதிரி ஒப்பிக்கிறாங்களே" என்று கண்காணிப்பாளரைப் பார்த்தார். அப்போது அம்மா, தன் முறை வருவதற்கு முன்னாலேயே கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

"நீங்க யாரு?"

"அவளைப் பெத்தவ."

"நீங்களும் காகிதம் குடுத்தீங்களா?"

"குடுத்தேன். முதல்ல நான்தான் குடுத்தேன். வேலைக்குப் போனதுலேர்ந்தே அவளுக்கு எங்களைக் கண்டா ஆகாது. கால்வாய்னு சொன்னா மூக்கைப் பொத்துவா. பெத்தவ காகிதத்தையே டிராயர்ல போட்டுப் பூட்டினவ, ஊரான் காகிதத்தைப் பாத்தா எடுத்து வைப்பா?"

இதெதுவும் கொட்டகையில் பழகியது இல்லை. அம்மா தானாகச் சேர்த்தது. கதவு திறந்திருந்ததால் வெளியே வரிசையில் நின்ற எல்லாருக்கும் கேட்டது. அக்கா அம்மாவைப் பார்த்தாள். பிறகு அதிகாரியிடம், "ஆமா சார். அலட்சியமா இருந்துட்டேன்" என்றாள். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, வேறு யாரையும் கேட்க வேண்டியதில்லை என்றார்.

வெளியே வந்து அம்மா படிக்கட்டில் உட்கார்ந்து முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

விண்ணப்பங்கள் ஏற்கப்பட்டன. அக்கா பணிநீக்கம் செய்யப்பட்டாள். சொந்த மக்களையே வஞ்சித்த ஊழியர் என்று செய்தித்தாளில் ஒரு மூலையில் வந்தது. அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்தார். கால்வாய்க்கரையிலிருந்து தேர்வெழுதி அதன்பின் உள்ளே போன ஒரே பையனைப் பின்னறையில் கோப்பு அடுக்க உட்காரவைத்தார்கள். ஜன்னலில் விட்டால் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டோமே என்றார்களாம்.

அடுக்குமாடியில் எங்களோடு வேறு பகுதி ஆட்களும் குடிவந்தார்கள். அவர்களுக்குத் தெரிந்தது செய்தித்தாளில் வந்த கதைதான். வீட்டு உரிமைப் பத்திரம் கைக்கு வர ஐந்து வருடம் ஆகும், அதற்குள் தவறான தகவல் கொடுத்தது தெரிந்தால் ஒதுக்கீடு ரத்து என்று விதியில் இருந்தது. அதனால் விவரம் தெரிந்தவர்கள் வாய் திறக்கவில்லை. அக்காவே அவர்களிடம் சொல்லியிருந்தாள்: "என்னைப் பத்திப் பேச்சு வந்தா நீங்களும் சேந்து திட்டுங்க." முதலில் பழக்கமில்லாமல் திட்டினார்கள். பிறகு சரளமாக வந்தது. பெரியவர்கள் பேசுவதைக் கேட்டுப் பிள்ளைகள் திட்டின. தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொண்டால்கூட, "எல்லாம் அந்தப் பொம்பளையால" என்றார்கள். அது எப்படி அவளால் என்று யாரும் கேட்கவில்லை.

அக்கா எங்களோடு அங்கே குடிவரவில்லை. சட்டை மடித்துப் பெட்டியில் அடைக்கும் ஒரு தொழிற்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டு, அதன் பின்னாலேயே ஓர் அறையில் இருந்தாள். அம்மா போய்ப் பார்ப்பாள், அதுவும் பேருந்திலிருந்து இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்துபோய். குடியிருப்பில் யாராவது பார்த்துவிட்டால் தாயும் மகளும் ஒட்டிக்கொண்டார்கள் என்று பேச்சு வரும். பேச்சு வந்தால் விசாரணை வரும்.

புரோக்கர்களும் திரும்பி வந்துவிட்டார்கள். அதே ஆட்கள், கொஞ்சம் நரைத்திருந்தார்கள். "உங்க ஆளே ஏமாத்திட்டா, வேற யாரை நம்பப் போறீங்க?" என்று கேட்டுக் காகிதங்களை வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஆராய்ச்சிக்காரப் பெண் இரண்டாம் சுற்றுக்கு வந்தாள். இம்முறை எல்லா வீட்டிலும் பூஜ்யம், ஒன்று, பூஜ்யம். அவளுக்குத் தாங்கவில்லை. அக்கா இருக்கும் இடத்தை என்னிடம் கேட்டு, என்னையும் அழைத்துக்கொண்டு தொழிற்கூடத்துக்குப் போனாள். துணித்தூசி பறக்கும் அறையில் அக்கா கை ஓயாமல் சட்டை மடித்துக்கொண்டே பேசினாள்.

"என்னக்கா ஆச்சு? நீங்க அப்படிச் செய்யற ஆள் இல்லையே. சொல்லுங்க, பேரை மறைச்சு எழுதறேன்."

"செஞ்சேன்மா. எழுதிக்கோங்க."

"ஏன் செஞ்சீங்க?"

அக்கா ஒரு சட்டையின் காலரை நிமிர்த்திவிட்டு யோசித்தாள். "உள்ள போனதும் கண்ணு மறைச்சிடுச்சு. அப்படியே போடுங்க." பிறகு இருமினாள். அப்போதே அந்த இருமல் இருந்தது.

அந்தக் கட்டுரையை நான் படித்தேன். தங்களில் ஒருவரால் ஏமாற்றப்பட்ட மக்களின் நம்பிக்கை, அவர் வருவதற்கு முன்பிருந்த அளவைவிடவும் கீழே போகிறது என்பது அதன் முடிவு. எண்களெல்லாம் சரியாகத்தான் இருந்தன.

தூசி அவளது நெஞ்சில் இறங்கிவிட்டது. இலவச மருத்துவ அட்டைக்கு விண்ணப்பிக்கச் சொல்லி நான் சண்டை போட்டேன். அதற்கு அந்த அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். "அங்க எல்லாருக்கும் என்னைத் தெரியும். யாராவது பாவப்பட்டு எதையாவது கிளறிட்டா? பத்திரம் வரட்டும், அப்புறம் போலாம்" என்றாள். பத்திரம் வருவதற்கு முன்னால் மழை வந்தது. மருத்துவமனையில் சேர்த்தபோது பேச்சு நின்றிருந்தது. அம்மா அவள் காலைப் பிடித்துக்கொண்டு, "மூக்கைப் பொத்தினான்னு சொன்னேனேடி, நான் போயி அப்படிச் சொன்னேனேடி" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். அக்காவின் காதில் விழுந்ததா தெரியாது.

பத்திரம் இந்த மாதம் வந்தது. பெரிய முத்திரை, அம்மாவின் பெயர், வீட்டு எண். அம்மா அதை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு முகம் கழுவிக்கொண்டு கீழே போனாள். முற்றத்தில் தண்ணீர் பிடிக்கப் பெண்கள் கூடியிருந்தார்கள், இளவட்டங்கள் சுவரில் சாய்ந்திருந்தார்கள், இரும்புக்காரரும் தன் மகனோடு வண்டியருகில் நின்றார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"எல்லாரும் கேட்டுக்குங்க" என்றாள் அம்மா. "என் பெரியவ உங்க யாரு காகிதத்தையும் பூட்டி வைக்கலை. நாமதான் குடுக்கலை. நமக்கு வீடு கிடைக்கணும்னு அவளே சொல்லச் சொன்னா. நான் அங்க சொன்னதெல்லாம் பொய்."

வேறு பகுதியிலிருந்து வந்த ஒரு பெண் குடத்தை நகர்த்திவிட்டுச் சொன்னாள்: "பெத்தவ அப்படித்தான் சொல்லுவா. பாவம், புள்ளையைப் பறிகுடுத்தவ."

"நான் புலம்பலை. இவரைக் கேளுங்க." அம்மா இரும்புக்காரரைப் பார்த்தாள். "தம்பி, நீ சொல்லு. உன் கொட்டகையிலதானே பேசினோம்?"

அவர் மகன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தான். இரும்புக்காரர் வண்டிக் கயிற்றை இழுத்துக் கட்டினார். ஏற்கெனவே இறுக்கமாக இருந்த கயிறு.

"விடுங்க அண்ணி. போனவங்களைப் பத்தி இப்ப எதுக்கு?"

அம்மாவை நான் கைத்தாங்கலாக மேலே கூட்டிவந்தேன். அவள் அழவில்லை. விளக்கு போடாமல் தரையில் உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது. இரும்புக்காரர். படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. உள்ளே வரச் சொன்னபோது வரவில்லை, நிலைப்படியில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"அண்ணி, என்னைச் செருப்பால அடிங்க."

"அடிச்சா அவ வந்துடுவாளா?"

"கீழ எல்லாரும் பயந்து கிடக்கறாங்க. நம்ம ஆளுங்க. காகிதம் குடுத்தது பொய்னு ஆயிட்டா, குடுத்த பத்திரத்தைத் திரும்ப வாங்கிடுவாங்களோன்னு."

"பத்திரம் குடுத்தாச்சே, தம்பி. முத்திரை குத்திக் குடுத்தாச்சே."

"குடுத்தவன் வாங்க மாட்டான்னு யாரு சொன்னா? புரோக்கர்கிட்டக் கேட்டேன், வாங்கினாலும் வாங்குவாங்கன்னு சொல்றான். பெரிய ஆபீஸ்ல போயிக் கேக்கவும் பயமா இருக்கு." அவர் குரல் உடைந்தது. "அக்கா இருந்திருந்தா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

அம்மா எழுந்து விளக்கைப் போட்டாள்.

"சரி" என்றாள். "இனிமே சொல்லலை. போ."